அரபு நாட்டில் 100 வருஷமா ஒரு பிரெஞ்சு நாளிதழ்! லெபனானில் இது எப்படி சாத்தியமானது?

லெபனான் ஒரு அரபு நாடு. ஆட்சி மொழி அரபி. வீட்டிலும் கடைத்தெருவிலும் கேட்பது அரபி. ஆனால் தலைநகர் பெய்ரூட்டில் 1924-ல் வேர்விட்ட ஒரு பிரெஞ்சு நாளிதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. பெயர், 'லோரியான்-லெ ஜூர்'.

பிரான்ஸின் ஆட்சி 1943-லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு 15 வருஷ உள்நாட்டுப் போர், கார் குண்டுகள், பொருளாதார வீழ்ச்சி என்று லெபனான் பார்க்காதது இல்லை. இத்தனைக்கும் நடுவில் ஆண்டவர்களின் மொழியில் ஒரு பத்திரிகை எப்படி நிலைத்தது? அதை நடத்தியவர்கள் யார்? பார்க்கலாம்.

லெபனானுக்குள் பிரெஞ்சு வந்தது எப்படி?

பிரெஞ்சு ராணுவத்துக்கு முன்னாடியே பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் வந்துவிட்டன. ஒட்டோமான் ஆட்சிக் காலத்திலேயே கத்தோலிக்க மிஷனரிகள் பள்ளிகளைத் திறந்தார்கள். 1875-ல் பெய்ரூட்டில் இயேசு சபையினர் தொடங்கியதுதான் புனித ஜோசப் பல்கலைக்கழகம்.

முதல் உலகப்போரில் ஒட்டோமான் பேரரசு தோற்றதும் லெபனான் பிரான்ஸின் கைக்குப் போனது. 1926-ல் வந்த அரசியல் சட்டம் அரபியோடு பிரெஞ்சையும் ஆட்சி மொழி ஆக்கியது. 1943-ல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, அரபி மட்டுமே ஆட்சி மொழியானது.

சட்டத்தில் இடம் போனாலும் வகுப்பறையில் பிரெஞ்சு நிலைத்தது. இன்றும் பல பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் பிரெஞ்சில்தான் நடக்கின்றன. அப்படின்னா இந்தப் பத்திரிகையின் வாசகர் யார்? பிரெஞ்சுக்காரர் இல்லை. அந்தப் பள்ளிகளில் படித்த லெபனான்காரர். முக்கியமான விஷயமே இதுதான்.

இரண்டு பத்திரிகை, இரண்டு அணி

இப்போது ஒன்றாக இருக்கும் இந்தப் பத்திரிகை முதலில் இரண்டாக இருந்தது.

'லோரியான்' என்றால் கிழக்கு. 1924-ல் ஜார்ஜ் நக்காஷ், கேப்ரியல் கப்பாஸ் இருவரும் தொடங்கினார்கள். இது எமில் எத்தே என்ற தலைவரின் பக்கம் நின்றது.

'லெ ஜூர்' என்றால் நாள். 1934-ல் தொடங்கியவர் மிஷெல் ஷீஹா. வங்கியாளர். 1926 அரசியல் சட்டத்தை எழுதியதில் பெரிய பங்கு உள்ளவர். எத்தேயின் அரசியல் எதிரியான பிஷாரா அல்-கூரி, இவருடைய தங்கையைக் கட்டியவர். அதனால் 'லெ ஜூர்' கூரியின் பக்கம்.

1943 நவம்பரில் கதை சூடு பிடித்தது. பிரான்ஸின் அதிகாரத்தை நீக்கி அரசியல் சட்டத்தைத் திருத்தியது லெபனான் நாடாளுமன்றம். கோபமடைந்த பிரெஞ்சு அதிகாரிகள் அதிபர் கூரியையும் பிரதமர் ரியாத் அல்-சுல்ஹையும் கைது செய்து, எத்தேயை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள். 11 நாளில் தலைவர்கள் விடுதலை. அந்த நவம்பர் 22-தான் லெபனானின் சுதந்திர தினம்.

பிரெஞ்சில் அச்சாகும் பத்திரிகை என்றாலே பிரான்ஸின் குரல் என்று நினைத்தால் தப்பு என்பது இதிலேயே தெரிகிறது. பிரான்ஸ் சிறையில் போட்ட அதிபரின் மைத்துனர் நடத்தியதும் ஒரு பிரெஞ்சு நாளிதழ்தான். அதே 'லெ ஜூர்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்த ஷார்ல் ஹெலு, 1964-ல் நாட்டின் அதிபராகவே ஆனார்.

ஒரு தலையங்கம்... ஒரு சிறைவாசம்

சுதந்திரத்தின்போது லெபனான் தலைவர்கள் எழுதாத ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டார்கள். கிறிஸ்தவர்கள் பிரான்ஸின் பாதுகாப்பைக் கேட்கக் கூடாது. முஸ்லிம்கள் சிரியாவோடு இணையக் கேட்கக் கூடாது. தேசிய ஒப்பந்தம் என்று இதற்குப் பெயர்.

1949 மார்ச்சில் ஜார்ஜ் நக்காஷ் இதைக் கேள்வி கேட்டு ஒரு தலையங்கம் எழுதினார். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 'வேண்டாம்' சொல்லிவிட்டால் அது ஒரு நாடு ஆகிவிடுமா என்பதுதான் அதன் சாரம். விளைவு? அவருக்குச் சிறை. ஆனால் லெபனான் அரசியலைப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தத் தலையங்கத்தை எடுத்துக்காட்டாமல் இருப்பதில்லை. சிறைக்குப் போன அதே நக்காஷ் பின்னாளில் அமைச்சராகவும், பாரிஸில் லெபனானின் தூதராகவும் இருந்தார்.

இரண்டும் ஒன்றானது எப்போது?

'அந்நஹார்' லெபனானின் புகழ்பெற்ற அரபி நாளிதழ். அந்தப் பெயருக்கும் பகல், நாள் என்றுதான் பொருள். அதன் உரிமையாளர் கஸ்ஸான் துவைனி 1960-களில் 'லெ ஜூர்' பத்திரிகையை வாங்கினார். 1971-ல் 'லோரியான்' அதோடு இணைந்தது. பழைய போட்டியாளர்கள் இருவரும் ஒரே பெயர்ப் பலகைக்குள் வந்தார்கள். கஸ்ஸானின் மனைவி நாதியா துவைனி, பிரெஞ்சில் எழுதிய பெயர்பெற்ற கவிஞர்.

உயிர் கொடுத்த பேனாக்கள்

இணைந்து நாலே வருஷத்தில் உள்நாட்டுப் போர். பெய்ரூட் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்தது. 1976 மே மாதம், அந்தக் கோட்டைக் கடக்கும்போது மறைந்திருந்து சுட்டவனின் குண்டுக்குப் பலியானார் எதுவார் சாப். 'லோரியான்-லெ ஜூர்' பத்திரிகையின் தலைமை ஆசிரியர். பாரிஸின் 'லெ மோந்த்' நாளிதழுக்கும் பெய்ரூட் செய்தியாளர்.

போர் 1990-ல் முடிந்தது. ஆனால் பத்திரிகையாளர் மீதான குறி நீங்கவில்லை. 2005-ல் மட்டும் நடந்தவை இவை:

ஜூன் 2: வரலாற்றாசிரியர் சமீர் கசீர் கார் குண்டில் கொல்லப்பட்டார். 'அந்நஹார்' இதழில் அரபியில் பத்தி, புத்தகங்கள் பிரெஞ்சில். 90-களில் 'லோரியான் எக்ஸ்பிரஸ்' என்ற பிரெஞ்சு மாத இதழையும் நடத்தினார். லெபனானில் சிரியாவின் ஆதிக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தவர்.

செப்டம்பர் 25: தொலைக்காட்சித் தொகுப்பாளர் மே ஷித்யாக் காரில் குண்டு வெடித்தது. உயிர் தப்பினார். ஆனால் இடது கையையும் இடது காலையும் இழந்தார்.

டிசம்பர் 12: கஸ்ஸான் துவைனியின் மகன் ஜுப்ரான் துவைனி கார் குண்டில் கொல்லப்பட்டார். 'அந்நஹார்' நிர்வாகி, நாடாளுமன்ற உறுப்பினர். மகனின் இறுதிச் சடங்கில், பழிவாங்கும் எண்ணத்தையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள் என்று அந்தத் தந்தை கேட்டுக்கொண்டதை லெபனான் இன்னும் மறக்கவில்லை.

இப்போ நிலைமை என்ன?

துப்பாக்கி செய்யாததைப் பணத்தட்டுப்பாடு செய்தது. 'அஸ்-ஸஃபீர்' என்ற அரபி நாளிதழ் 2016 கடைசியில் நின்றது. 2019-ல் வங்கிகள் முடங்கி, லெபனான் பவுண்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கரைந்தது. 2020-ல் பெய்ரூட் துறைமுக வெடிப்பு. 1929-லிருந்து வந்த 'லெ கொமர்ஸ் து லெவாந்த்' என்ற பிரெஞ்சுப் பொருளாதார இதழும், 'டெய்லி ஸ்டார்' என்ற ஆங்கில நாளிதழும் 2021-ல் மூடப்பட்டன.

'லோரியான்-லெ ஜூர்' தப்பித்தது எப்படி? பிரான்ஸ், கனடா என்று உலகம் முழுக்கப் போய்விட்ட லெபனான்காரர்கள் இணையத்தில் சந்தா கட்டிப் படிக்கிறார்கள். உள்ளூர் பணம் கரைந்தாலும் வெளிநாட்டுச் சந்தா கரையாது. 2020-ல் 'லோரியான் டுடே' என்று ஆங்கிலப் பதிப்பும் வந்தது.

குறையே இல்லையா? இருக்கு. பிரெஞ்சுப் பத்திரிகை என்றால் வசதியானவர்களின், குறிப்பாகக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பத்திரிகை என்ற பெயர் பழசு. இளைஞர்கள் ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறார்கள் என்பதும் உண்மை. ஆங்கிலப் பதிப்பு தொடங்கியதே அதற்கு சாட்சி.

ஆனால் ஒன்று நிச்சயம். இந்த மொழியை லெபனானுக்குக் கொண்டுவந்தவர்கள் வேண்டுமானால் வெளியாட்களாக இருக்கலாம். அந்த மொழியில் சொந்த அரசைக் கேள்வி கேட்டுச் சிறைக்குப் போனவரும், குண்டுக்குப் பலியானவரும் லெபனான்காரர்கள். 100 வருஷம் அந்தப் பத்திரிகையைத் தூக்கி நிறுத்தியது பாரிஸ் இல்லை, அவர்கள்தான்.