101-ஆ? 524-ஆ?

ஓபியில் அடிக்கடி நடக்கும் விஷயம். ரெண்டு லேப் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, "சார், இதுல கொலஸ்ட்ரால் 190, அதுல 228. எதை நம்புறது?" என்பார்கள். நல்ல கேள்விங்க. இதுக்கு ஒரு வரலாறே இருக்கு.

1985. அமெரிக்காவில் காலேஜ் ஆஃப் அமெரிக்கன் பேத்தாலஜிஸ்ட்ஸ், ஒரே சீரத்தைப் பிரித்து சுமார் 5,000 லேப்களுக்கு அனுப்பியது. அதன் சரியான அளவு 262.6 மி.கி. வந்த பதில்கள்? குறைந்தது 101, அதிகம் 524!

மறுபடி சொல்றேன், ஒரே சீரம்.

இதே காலத்தில்தான் 200-க்குக் கீழே நல்லது, 240-க்கு மேலே அதிகம் என்று கோடு போட்டார்கள் (1988). முதல் ஸ்டேட்டின் மாத்திரை 1987-லேயே வந்தாச்சு. 101 என்று வந்தவர் வீட்டுக்குப் போவார், 524 வந்தவர் மாத்திரையோடு போவார். ரத்தம் என்னவோ ஒண்ணுதான்.

ஏன் இப்படி? பழைய முறையில் சல்ஃப்யூரிக் அமிலமும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் சேர்த்து, வரும் பச்சை நிறத்தை அளப்பார்கள். மஞ்சள் காமாலை இருந்தால் பிலிருபின் அளவைக் கூட்டிக் காட்டும். 1974-ல் என்சைம் முறை வந்தது. ஆனாலும் மெஷினுக்கு மெஷின், கிட்டுக்கு கிட் அளவு மாறியது. தராசு புதுசு, எடைக்கல் ஆளாளுக்கு வேற!

எடைக்கல் இல்லாமல் இல்லை. 1952-ல் வந்த ஏபெல்-கெண்டல் முறையை அட்லாண்டா சிடிசி அளவுகோலாக எடுத்துக்கொண்டது. 1967-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு சுத்தமான கொலஸ்ட்ராலையே மாதிரிப் பொருளாக வெளியிட்டது. அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் பலர் மெனக்கெடவில்லை. 1988-ல் ஒரு நிபுணர் குழு, 1992-க்குள் பிழை 3%-க்குள் வரணும் என்றது. அதாவது உண்மை 200 என்றால், சராசரியாக 194-க்கும் 206-க்கும் நடுவில்.

லேபுக்குள் தினமும் நடக்கும் காவல் வேறு. ஷூஹார்ட் என்பவர் 1924-ல் டெலிபோன் தொழிற்சாலைக்காக வரைந்த சார்ட்டை, 1950-ல் லீவியும் ஜென்னிங்ஸும் லேபுக்குக் கொண்டுவந்தார்கள். அளவு தெரிந்த கண்ட்ரோல் சீரத்தை தினமும் ஓட்டி, புள்ளி வைக்கணும். புள்ளி எல்லை தாண்டினால் அன்றைய ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு லேப் டெக்னீஷியன் அக்கா, "கண்ட்ரோல் அவுட் ஆயிடுச்சு தம்பி, ரிப்போர்ட் நாளைக்குத்தான்" என்றார். அப்போ எரிச்சல்பட்டேன். இப்போ அவருக்கு ஒரு கும்பிடு.

நம்ம ஊர் லேப்களுக்கும் வேலூர் சிஎம்சி வெளித்தரப் பரிசோதனை நடத்துது. அளவு சொல்லாமல் மாதிரி அனுப்பி, வரும் விடையை ஒப்பிடுவார்கள். உங்க லேப் இப்படி ஏதாவது ஒண்ணில் சேர்ந்திருக்கா என்று தாராளமா கேளுங்க.

அந்த 190/228 அண்ணன்? ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் சில சதவீதம் ஏறி இறங்கும். ரெண்டு வாரம் கழித்து, தினமும் கண்ட்ரோல் ஓட்டும் ஒரே லேபில் மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பினேன். மாத்திரை முடிவு அதுக்கப்புறம்தான்.