கோபுரத்திலிருந்து குடுவை வரை

லான்கேர் 320, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் இரண்டு சீட் விமானம். மடங்கிய சக்கரங்களை மேலே பிடித்து வைக்க அதில் கொக்கி கிடையாது. ஆயில் பிரஷர் மட்டும்தான். முதலில் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்தால் காரணம் புரியுது: பிரஷர் போனால் சக்கரம் தானாகக் கீழே விழும். இறங்காமல் மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

சிக்கல் வேறு இடத்தில். ஆயில் அவ்வளவாக அமுங்காது. மேலே போய்க் குளிரில் அது கொஞ்சம் சுருங்கினாலே பிரஷர் சட்டென்று இறங்கும், பம்ப் மறுபடி ஓடும். துளி கசிவுக்கும் இதே கதைதான். அதனால் சிலர் நைட்ரஜன் அடைத்த சின்னக் குடுவை ஒன்றைச் சேர்க்கிறார்கள். பெயர் அக்குமுலேட்டர்.

அதன் முப்பாட்டன் இங்கிலாந்தில் இருக்கிறார். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் தண்ணீர் பிரஷரால் கிரேன்களை இயக்க, 1852இல் 309 அடிக் கோபுரம் கட்டினார்கள். தொட்டி இருந்தது 200 அடி உயரத்தில். கணக்குப் போட்டால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 87 பவுண்டுதான் வரும். பக்கத்து நியூ ஹாலந்தில் மண் இளக்கம்; கோபுரம் நிற்காது. வக்கீலாக இருந்து எஞ்சினியரான வில்லியம் ஆம்ஸ்ட்ராங், உருளையில் தண்ணீரை நிரப்பி, பிஸ்டன்மேல் பெரும் எடையை ஏற்றினார். இந்த முறையில் 600 பவுண்டு வரை கிடைத்தது. எடைக்குப் பதில் வாயுவை வைத்தால் நம்ம குடுவை.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். குடுவை கசிவை அடைக்காது, மறைக்கும். பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுதுன்னு குறித்து வைக்கணும். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், எங்கேயோ ஒழுகுது.