மரபணுத் தொழில்நுட்பம்: மருந்து, உணவு, சிகிச்சை – நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

கத்தரிக்காய், கடுகு, இன்சுலின், தடுப்பூசி, இரத்த நோய்களுக்கான சிகிச்சை எனப் பலவற்றைக் குறித்தும் ‘மரபணு மாற்றம்’ என்ற ஒரே சொல் இன்று பயன்படுத்தப்படுகிறது. இதனால் குழப்பம் ஏற்படுவது இயல்பே. “இன்சுலினும் மரபணு மாற்றம் செய்யப்பட்டதுதானாமே, நிறுத்திவிடலாமா?” என்று புறநோயாளிகள் பிரிவில் கேட்போர் உண்டு. “மரபணு சிகிச்சையால் முழுக் குணம் கிடைக்கும் என்று விளம்பரம் வந்திருக்கிறது, நிலத்தை விற்றாவது கட்டலாமா?” என்று கேட்போரும் உண்டு. முதல் கேள்வியில் தேவையற்ற அச்சமும் இரண்டாவதில் அளவுக்கு மீறிய நம்பிக்கையும் உள்ளன. இரண்டுமே உயிருக்கோ உடைமைக்கோ இழப்பை ஏற்படுத்தக் கூடியவை.

மரபணுத் தொழில்நுட்பம் என்றால் என்ன?

உடலின் ஒவ்வோர் உயிரணுவும் எந்தப் புரதத்தை எப்படி உருவாக்க வேண்டும் என்ற குறிப்புகள் மரபணுக்களில் அடங்கியுள்ளன. ஓர் உயிரின் மரபணுவை மற்றோர் உயிரில் சேர்ப்பது மரபணு மாற்றம். உயிரணுவில் ஏற்கெனவே உள்ள மரபணுவில் குறிப்பிட்ட இடத்தை மட்டும் வெட்டித் திருத்துவது மரபணுத் திருத்தம். எந்த உயிரில், எந்த நோக்கத்திற்காக மாற்றம் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

நீங்கள் பயன்படுத்தும் மருந்துகள்

முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுக்கப்பட்டது. பின்னர், மனித இன்சுலினுக்குரிய மரபணு நுண்ணுயிரியில் சேர்க்கப்பட்டு, அந்த நுண்ணுயிரி இன்சுலினை உற்பத்தி செய்யுமாறு ஆக்கப்பட்டது. இம்முறையில் தயாரான இன்சுலினுக்கு 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. உங்கள் மருந்துக் குப்பியில் இருப்பது பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தப்பட்ட புரதம் மட்டுமே. அது உங்கள் மரபணுவை மாற்றாது. ஈஸ்ட்டின் உதவியுடன் தயாரிக்கப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இத்தகையதே.

இம்முறை சில மருந்துகளின் ஆபத்தையும் குறைத்துள்ளது. ஹீமோஃபிலியா நோயாளிகளுக்குத் தேவையான இரத்த உறைவுக் காரணிகள் முன்பு பலரிடமிருந்து பெற்ற இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டன. 1980-களில் அவற்றின் வழியே உலகெங்கும் பலருக்கு எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சித் தொற்றுகள் பரவின. மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரிக்கப்படும் காரணிகளுக்கு மனித இரத்தத்தை மூலப்பொருளாகக் கொள்ள வேண்டியதில்லை.

முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே, சில வேளைகளில் சில மணி நேரத்திலேயே, உயிருக்கு ஆபத்து நேரலாம். பராமரிப்போர் இதனை உறுதியாக நினைவில் கொள்ள வேண்டும்.

உணவுப் பயிர்கள் குறித்த விவாதம்

இந்தியாவில் பி.டி. பருத்தி 2002-ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. பி.டி. கத்தரிக்காய்க்கு 2009-இல் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு இசைவளித்தது. பொதுமக்கள், விவசாயிகள், மாநில அரசுகள் ஆகியோரின் கருத்துகளைக் கேட்டபின், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதனை நிறுத்திவைத்தது. மரபணு மாற்றக் கடுகு குறித்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர்.

இவ்விவாதத்தில் உடல்நலம் ஒரு பகுதி மட்டுமே. விதையின் விலை, விதை நிறுவனங்களைச் சார்ந்திருக்கும் நிலை, நாட்டு ரகங்களின் பாதுகாப்பு, பூச்சிகள் பெறும் எதிர்ப்புத்திறன் ஆகியனவும் அதில் அடங்கும். பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்த்து நிற்கத் தொடங்கியது இவ்வகைக் கவலைகளுக்கு ஆதாரம் உண்டு என்பதைக் காட்டுகிறது. ஆனால் இவற்றைக் கொண்டு ‘அந்த உணவு நோய் தரும்’ என்ற முடிவுக்கு வர இயலாது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, பன்னாட்டுச் சந்தையில் உள்ள மரபணு மாற்ற உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கடந்தவை என்றும், அவற்றால் மனித உடல்நலத்திற்குத் தீங்கு நேர வாய்ப்பில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. எனினும், ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. இதற்குக் காரணம் உண்டு. பிரேசில் கொட்டையின் மரபணு சேர்க்கப்பட்ட ஒரு சோயா ரகம், அக்கொட்டைக்கு ஒவ்வாமை உள்ளவர்களைப் பாதிக்கக் கூடும் என்பது 1990-களில் சோதனையில் தெரியவந்தது. அந்த ரகம் விற்பனைக்கு வரவே இல்லை.

உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் தமக்கு ஒவ்வாத பொருள்களைத் தொடர்ந்து தவிர்த்து வர வேண்டும். மற்றவர்கள் இவ்விவாதத்தின் பொருட்டுக் காய்கறி, பருப்பு ஆகியவற்றை உண்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மரபணு சிகிச்சை: கிடைப்பதும் கிடைக்காததும்

நோயாளியின் உயிரணுக்களில் மரபணுவைச் சேர்த்தோ திருத்தியோ நோயைக் கட்டுப்படுத்துவது மரபணு சிகிச்சை. அரிவாள் உயிரணுச் சோகைக்கான முதல் மரபணுத் திருத்தச் சிகிச்சை 2023-இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் உருவாக்கப்பட்ட கார்-டி உயிரணுச் சிகிச்சை, சில வகை இரத்தப் புற்றுநோய்களுக்காக 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள 5 பேருக்கு அளிக்கப்பட்ட மரபணு சிகிச்சையின் நல்ல முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. இது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் 5 பேரிடம் நடந்த ஆய்வை அனைவருக்குமான சிகிச்சையாகக் கொள்ள இயலாது.

இத்துறை இழப்புகளையும் கண்டுள்ளது. 1999-இல் அமெரிக்காவில் ஆய்வில் பங்கேற்ற 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பிரான்சில் பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாட்டிற்காகச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் சிலருக்குப் பின்னாளில் இரத்தப் புற்றுநோய் ஏற்பட்டது. அதனால்தான் கடும் விதிகளும் நீண்ட காலக் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன.

கருவின் மரபணுவைத் திருத்தலாமா?

2018-இல் சீன ஆய்வாளர் ஒருவர் கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கருவில் செய்யும் திருத்தம் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் செல்லும். பிழை நேர்ந்தால் திரும்பப் பெற இயலாது. இந்தியாவில் இதற்கு அனுமதியில்லை.

பரம்பரை நோய் உள்ள குடும்பங்களுக்கு வேறு வழிகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, கணவன், மனைவி இருவரும் பீட்டா தலசீமியா மரபணுவைத் தாங்கியவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்குக் கடுமையான நோய் ஏற்பட 25 விழுக்காடு வாய்ப்புண்டு. இருவரின் நிலையையும் இரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே அறியலாம். மரபணுவைத் தாங்கியிருப்பது நோயன்று, குற்றமும் அன்று. அதன் பொருட்டு எவரையும், குறிப்பாகப் பெண்ணை, பழிப்பது தவறு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

• இது ஒப்புதல் பெற்ற சிகிச்சையா, ஆய்வு நிலையில் உள்ளதா?
• ஆய்வு எனில், இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவகத்தில் அதன் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா?
• ஆய்வில் உள்ள சிகிச்சைக்குப் பங்கேற்பாளரிடமே கட்டணம் கேட்கப்படுகிறதா? கேட்கப்பட்டால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.
• ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் உள்ளதா? பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு?
• தற்போதைய மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா?

ஒரே சிகிச்சையால் ஆட்டிசம், பெருமூளை வாதம், நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய அனைத்தும் தீரும் என்று கூறும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். நோய் அறிக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டாவது கருத்தைப் பெறுங்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

இன்சுலின் எடுத்துக்கொள்ளும் ஒருவர் ஊசியைத் தவறவிட்ட பின் வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். மருந்து குறித்த ஐயம் எதுவாயினும், மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் கேளுங்கள். அச்சம் தரும் குறுஞ்செய்தி வந்திருந்தால் அதனையும் தயக்கமின்றி அவரிடம் காட்டுங்கள்.