மூசி வெள்ளமும் முதற் கடமையும்

நம் சங்கத்து அன்பர்களுள் பெரும்பாலோர் உத்தியோக நிமித்தம் ஐதராபாத்துக்கு வந்து குடியேறியவர்கள். கோடையில் மெலிந்து கிடக்கும் மூசியைப் பாலத்தின்மீது கடக்கும்போது, இதற்கும் ஆறு என்று பெயரா என நாம் வியப்பதுண்டு. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அது கொண்ட உருவம் வேறு.

ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த 788 ஏரிகளுள் 221 ஏரிகள் அம்மழையில் உடைந்தன. மேலேரியின் நீர் கீழேரியை உடைக்க, அனைத்தும் ஒருசேர நகரத்தின்மேல் பாய்ந்தது. மாண்டவர் ஏறத்தாழ 15,000 பேர் என மதிப்பிட்டனர். அப்சல் கஞ்சு மருத்துவமனையையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. அதன் வளாகத்துப் புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் பிழைத்தனர் என்பர். மருத்துவமனை கைவிட்ட இடத்தில் மரம் கைகொடுத்தது!

வெள்ளம் வடிந்தபின் ஆள்வோர் முன் நிற்கும் வினா, எதை முதலிற் செய்வது என்பதே. பசித்தோருக்குச் சோறு வேண்டும். பிணங்களை அகற்ற வேண்டும். கழிவு கலந்த கிணற்று நீரைக் குடித்தால் வாந்திபேதி வரும். ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலிகான் அரண்மனையைத் திறந்துவிட்டு அன்னமிட்டதை இந்நகரத்தார் இன்றும் போற்றுவர். போற்றத்தக்கதே. ஆயினும் அடுத்த ஆண்டு நிகழ்ந்தது அதனினும் பெரிது என்பது நம் கருத்து. 1909இல் அழைக்கப்பட்ட விசுவேசுவரய்யா, வெள்ளத் தடுப்பையும் நகரின் சாக்கடையையும் ஒரே நோயின் இரு கூறுகளாகக் கண்டார். அவர் காட்டிய வழியில் மூசியின்மீது உசுமான் சாகர் 1920இலும், ஈசியின்மீது இமாயத் சாகர் 1927இலும் நிறைவெய்தின. இதற்கிடையே 1912இல் அமைந்த நகர அபிவிருத்திக் குழு, காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசற் குடியிருப்புகளை அகற்றிப் புது வீடுகள் கட்டத் தலைப்பட்டது.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. வெள்ளம் தடுக்கும் ஏரி மழைக்குமுன் காலியாக இருத்தல் வேண்டும். குடிநீர் தரும் ஏரியோ நிறைந்திருத்தல் வேண்டும். இவ்விரு சாகர்களுக்கும் இரு கடமைகளும் சுமத்தப்பட்டன. ஆகவே மதகை எந்நாள் திறப்பது என்பதும் மக்கள் உயிரைப் பற்றிய முடிவே. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் இறங்கியபோது சென்னையில் உறவினரை உடையோர் இதை நன்குணர்ந்தனர்.

2020 அக்டோபரில் ஐதராபாத்தில் மீண்டும் பெருமழை. இம்முறையும் நகரத்துச் சிற்றேரிகள் உடைந்தன; பழைய நகரின் பக்கத்தே பல்லெ செருவின் கரை அறுந்து தெருக்களில் நீர் புகுந்தது. அது கொரோனாத் தொற்றுக் காலம். விலகியிருங்கள் என்று மாதக்கணக்கில் பறையறைந்த அரசே, வீடிழந்தோரை ஒரு கூரையின்கீழ்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. தொற்று நாளை வரலாம்; நீரோ வாசலில் நின்றது. முகாம்களைத் திறந்தனர்.