பைத்தானின் ஒற்றைப் பூட்டு

ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கணித, கணினி ஆராய்ச்சி நிலையமாகிய சி.டபிள்யூ.ஐ.யில் பணியாற்றிய கிடோ வான் ராசம், 1989ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழிக்கு, ஒரே சமயத்தில் பல காரியங்களை நடத்தும் சக்தி பிறவியிலேயே வாய்த்ததன்று; மறு வருஷம்தான் அது சேர்ந்தது. அதன் பிரயோகமோ வெகு சுலபம். ஒரு ஃபங்ஷனையும் அதற்கு வேண்டிய மதிப்புகளையும் ‘ஸ்டார்ட் நியூ திரெட்’ என்ற கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டால், அந்த ஃபங்ஷன் தனியொரு திரெட்டில், அதாவது நிரலுக்குள்ளேயே தனித்தோடும் ஓர் இழையில், ஓடத் தொடங்கும். அழைத்த நிரல் அது முடியும்வரை காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

இந்தச் சௌகரியத்தோடு ஒரு பூட்டும் வந்தது. பைத்தானில் ஒவ்வொரு பொருளும், தன்னை எத்தனை இடங்கள் பற்றியிருக்கின்றன என்னும் கணக்கைத் தன்னிடமே வைத்திருக்கிறது. கணக்கு பூஜ்யமானால் பொருள் அழிக்கப்படும். இரண்டு திரெட்டுகள் ஒரே கணத்தில் ஒரு பொருளைப் பற்றினால், இரண்டும் 3 என்று படித்து, இரண்டும் ஒன்றைக் கூட்டி, இரண்டும் 4 என்றே எழுதிவிடக்கூடும், இருக்கவேண்டியதோ 5. பிற்பாடு ஒவ்வொன்றாய் விலகும்போது, இன்னும் ஓரிடம் பற்றியிருக்கையிலேயே கணக்கு பூஜ்யமாகி, பொருள் மாய்ந்து, நிரலும் கவிழும். இதைத் தடுக்க நிரலை நிறைவேற்றும் இன்டர்பிரெட்டர் முழுமைக்கும் ஒரே பூட்டைப் போட்டார்கள், அதுவே குளோபல் இன்டர்பிரெட்டர் லாக், சுருக்கமாக ஜி.ஐ.எல். தெருவுக்கெல்லாம் ஒரே தாம்புக் கயிறு இருந்தால், கயிறு கையில் உள்ளவர்தான் நீர் இறைக்கலாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது கயிற்றை அடுத்தவரிடம் விட்டுவிடலாம். கோப்புக்காகவோ வலையமைப்புக்காகவோ காத்திருக்கும் திரெட்டும் அப்படியே பூட்டை விட்டுவிடும்.

இந்த ஒற்றைப் பூட்டைச் சோம்பேறித்தனமென்று பிற்காலத்தார் ஏசியது நியாயமன்று. மேஜைக் கணினிகளில் ஒற்றைப் பிராசஸரே இருந்த காலம் அது. திரெட்டுகள் மாறிமாறித்தான் ஓட முடியும் என்னும்போது பூட்டினால் நஷ்டம் அற்பமே. 1996இல் கிரெக் ஸ்டீன் என்னும் நிரலர் அதை எடுத்தெறிந்து, லிஸ்ட், டிக்ஷனரி முதலியவற்றுக்குத் தனித்தனிப் பூட்டுப் போட்டுப் பார்த்தபோது, ஒரே திரெட்டில் ஓடும் சாதாரண நிரல்களின் வேகம் ஏறக்குறையப் பாதியாயிற்று. அம்முயற்சி அத்துடன் நின்றது.

பல கோர் கொண்ட பிராசஸர்கள் வீடுதோறும் வந்த பிறகே வலி தெரிந்தது. 2009இல் டேவிட் பீஸ்லி என்னும் நிரலர் செய்து காட்டிய பரீட்சை பிரசித்தம். ஒரு பெரிய எண்ணிலிருந்து பூஜ்யம் வரை இறங்கி எண்ணும் ஃபங்ஷனை ஒன்றன்பின் ஒன்றாக இருமுறை ஓட்டினார். பிறகு இரண்டு திரெட்டுகளில் ஓட்டினார். இரண்டு கோர் கொண்ட கணினியில் பின்னதற்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடித்தது! ஓடும் திரெட் நூறு கட்டளைகளுக்கு ஒருமுறை பூட்டை விடும். அந்தச் சமிக்ஞை கேட்டு அடுத்த கோரில் உறங்கும் திரெட் விழித்தெழுவதற்குள், விட்டதே மறுபடியும் பூட்டைக் கைப்பற்றிக்கொள்ளும். எழுந்தது ஏமாந்து திரும்பவும் உறங்கப்போகும். இந்த வீண் பிரயாசைதான் நேரத்தைத் தின்றது. 3.2 பதிப்பில், 2011இல், பைத்தானை மேம்படுத்துவோருள் ஒருவரான அன்துவான் பித்ரூ இதைத் திருத்தினார்: காத்திருப்பது ஐந்து மில்லிசெகண்ட் பொறுத்துப் பூட்டைக் கேட்கும், விட்டதோ, மற்றொன்று அதை எடுக்கும்வரை பொறுத்திருக்கும். வலி தணிந்தது, ஆனால் பூட்டு போகவில்லை.

தனித்து ஓடும் நிரலின் வேகம் குறையாதெனில் பூட்டை நீக்கும் திருத்தத்தை ஏற்பேன் என்று கிடோ 2007லேயே நிபந்தனை விதித்திருந்தார். அந்நிபந்தனை ஒருவகையில் தடை உத்தரவாகவே வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம். 2008இல் வந்த ‘மல்ட்டிபிராசஸிங்’, திரெட்டுக்குப் பதில், தத்தமக்கென்று பூட்டு வைத்திருக்கும் தனித்தனிப் பிராசஸ்களையே கிளப்பி விஷயத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. சாம் கிராஸ் என்னும் நிரலர் 2021இல் காட்டிய வழிதான் உள்ளே நுழைந்தது: பொருளைப் படைத்த திரெட்டுக்கு ஒரு கணக்கு, மற்றவற்றுக்கெல்லாம் பொதுவாக வேறொரு கணக்கு என்று அவர் பிரித்துவிட்டார்; பெரும்பாலான பொருள்கள் படைத்த திரெட்டைவிட்டு வெளியே போவதில்லையாகையால், முதற் கணக்குக்குப் பாதுகாப்புச் செலவு ஏதுமில்லை. இத்திட்டம் 2023இல் ஏற்கப்பட்டு, 2024 அக்டோபரில் 3.13 பதிப்போடு பரீட்சார்த்தமாகவும், மறு வருஷம் 3.14இல் முறையான ஆதரவோடும் வெளிவந்தது. வேக நஷ்டம் இப்போது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை. ஆயினும் பூட்டுள்ள பைத்தானே இன்னமும் வழக்கமாகக் கிடைப்பது. பூட்டில்லாததைத் தேடி நிறுவிக்கொண்டவரும், பூட்டின்றி ஓடச் சம்மதமென்று அறிவிக்காத ஒரு பழைய சி மொழி மாட்யூலை இம்போர்ட் செய்தால், இன்டர்பிரெட்டர் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டுப் பூட்டைத் தானே மீண்டும் போட்டுக்கொள்கிறது.