நீலகிரி ஏறிய புதுச்சேரிக்காரர்

புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் குபேர் அங்காடியை ஊர்க்காரர்கள் இன்றும் பெரிய மார்க்கெட் என்றே சொல்கிறார்கள். அங்கே காய்கறிகளை நாம் இரண்டு குலமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். கத்தரி, வெண்டை, அவரை, புடலை நாட்டுக்காய். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல் இங்கிலீஷ் காய். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இவை ஏன் பிரெஞ்சுக் காய் ஆகவில்லை என்று கேட்டால், விடை நீலகிரியில் இருக்கிறது. அந்த மலையில் இவற்றைப் பயிரிடத் தூண்டியவர் ஓர் ஆங்கிலேயர். அவர் நீலகிரிக்கு இரண்டாம் முறை போனபோது உடன் சென்றவரோ புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக்காரர்.

அந்தப் பிரெஞ்சுக்காரரின் பெயர் ழான் பாப்திஸ்த் லெஷ்னோ த லா தூர். 1773இல் பிறந்த தாவரவியலாளர். 1800இல் போதேன் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட கடற்பயணத்தில் பங்கேற்று, நோயுற்று, 1803இல் திமோர் தீவில் இறங்கிக்கொண்டவர். பின்பு ஜாவாவில் தங்கி, 1805இல் ஈஜென் எரிமலையின் அமில ஏரி வரை ஏறிப் பார்த்தவர். உடம்பு ஒத்துழைக்காத போதும் மலையை விடாத மனிதர் என்று நாம் அவரைப் புரிந்துகொள்ளலாம். நெப்போலியன் யுத்தங்கள் முடிந்து, ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரான்சிடம் திருப்பித் தந்த 1816ஆம் ஆண்டிலேயே அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். செடிகளையும் விதைகளையும் திரட்டுவதும் அவற்றைப் பிரெஞ்சுத் தீவான பூர்போனுக்கு (இன்றைய ரீயூனியன்) அனுப்புவதும் அவருடைய பணிகள். புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தின் முன்கதை அவரிடமிருந்தே தொடங்குகிறது.

ஆங்கிலேயர் ஜான் சல்லிவன். 1815 முதல் கோயம்புத்தூர் கலெக்டர். 1819 ஜனவரியில் ஒரு குழுவுடன் நீலகிரி ஏறி, கோத்தகிரிக்கு அருகில் உள்ள திம்பட்டியை அடைந்தார். அவர்தான் மலையைக் 'கண்டுபிடித்தார்' என்று பாடநூல் பாணியில் சொல்வது தவறு. 1603இல் பெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் மலபார் பக்கமிருந்து ஏறித் தோடர்களைச் சந்தித்திருக்கிறார். 1812இல் கீஸ் என்பவர் நிலஅளவைக்காக வந்துபோனார். 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு கம்பெனி அதிகாரிகள் ஏறினார்கள். இவர்கள் அனைவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் அங்கே வாழ்ந்து வந்தார்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் உள்ள வீட்டை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

1819 மே மாதம் சல்லிவன் மறுபடி ஏறியபோது லெஷ்னோவும் உடன் சென்றார். வாட்டர்லூ போர் முடிந்து நான்கு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. ஐரோப்பாவில் ஒருவரையொருவர் கொன்று குவித்த இரு தேசங்களின் பிள்ளைகள் தமிழகத்தின் ஒரு மலைச்சரிவில் சேர்ந்து நடந்தார்கள். லெஷ்னோவுக்கு அப்போது உடல்நிலை மோசம். மலையடிவாரக் காடுகள் காய்ச்சலுக்குப் பேர்போனவை. அதைக் கடந்து மேலே சென்றபின் குளிர்காற்றில் அவர் தேறினார். அந்நிய மண்ணில் வெயிலில் வெந்த இருவருக்கும் அந்தக் குளிர் சொந்த ஊரை நினைவூட்டியிருக்க வேண்டும். சல்லிவன் தன் கடிதத்தில் நீலகிரியை சுவிட்சர்லாந்துடன் ஒப்பிட்டார். கண்ணுக்கு முன்னால் இருந்த மலையில் அவர் தொலைவில் இருந்த வேறொரு மலையைப் பார்த்தார். பின்னால் நடந்த பலவற்றுக்கும் இந்தப் பார்வையே வித்து என்பது நம் எண்ணம்.

ஏனெனில் ஊர் நினைவோடு நின்றுவிடவில்லை. சல்லிவன் திம்பட்டியில் ஒரு வீடும் பின்பு உதகையில் கல்வீடும் கட்டினார். சிறுமுகையிலிருந்து மேலே போகும் பாதை 1823இல் முடிந்தது. உருளைக்கிழங்கும் கோஸும் பழமரங்களும் நடப்பட்டன. ராகியும் சாமையும் விதைத்த படகர்கள் காலப்போக்கில் உருளைக்கிழங்கு விவசாயிகளானார்கள். நோயாளிகளின் ஓய்விடமாகத் தொடங்கிய உதகை 1870இல் சென்னை அரசின் கோடைத் தலைநகரானது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சமவெளிக்கு இறங்கிய மூட்டைகளோடு இங்கிலீஷ் காய் என்ற பெயரும் இறங்கியது.

லெஷ்னோவின் பெயர் வேறு வழியில் நிலைத்தது. நீலகிரியில் வெள்ளைப் பூப் பூக்கும் காட்டுரோஜாக் கொடியின் அறிவியல் பெயர் ரோசா லெஷனால்டியானா. உதகைக் கடைகளில் மூட்டுவலிக்கென விற்கும் விண்டர்கிரீன் தைலத்தைத் தரும் செடியும் நெடுங்காலம் கால்தேரியா லெஷனால்டி என்றே அழைக்கப்பட்டது. அவர் 1822இல் நாடு திரும்பி, 1826இல் இறந்தார். அவருக்குப் பிறகு புதுச்சேரியில் பணியாற்றிய தாவரவியலாளர் பெரோத்தேயும் நீலகிரிக்குச் சென்று செடிகள் சேகரித்தார்.

அந்த இருவருக்கும் வழி காட்டியவர் யார், சுமை தூக்கியவர் யார், இந்தச் செடி இன்னதற்கு உதவும் என்று சொன்னவர் யார் என்று நாம் கேட்டால் பதில் இல்லை. செடியின் பெயரில் வழிகாட்டிக்கு இடமில்லை. இத்தனைக்கும் சல்லிவன் மனசாட்சி இல்லாதவர் அல்லர். தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கிய அவரே, மலை நிலம் தோடர்களின் உடைமை, அதை எடுத்தால் இழப்பீடு தரவேண்டும் என்று அரசோடு வாதாடினார். அன்றைய ஆளுநர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. 1830இல் நீலகிரியின் பெரும்பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. கலெக்டரின் கைக்கு எட்டாத இடத்துக்கு மலை போய்விட்டது. கதவைத் திறந்தவரால் உள்ளே நுழைந்த கூட்டத்தைத் தடுக்க முடியவில்லை. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் பிற்பாடு தைலமரக் காடாகவும் தேயிலைத் தோட்டமாகவும் மாறின.

இன்று வெள்ளிக்கிழமை இரவு புதுச்சேரியிலிருந்து நண்பர்கள் சேர்ந்து புறப்பட்டு, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கடந்து, சனிக்கிழமை காலை உதகையின் குளிரில் இறங்குவது சாதாரணம். இயற்கையை ரசிக்க மலை ஏறுவது என்ற வழக்கத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர்களில் லெஷ்னோவும் ஒருவர். அதற்காக அவரை நன்றியுடன் நினைக்கலாம். ஆனால் நமக்கு இரண்டு நாள் விடுமுறையாக இருக்கும் மலை, அங்கே மந்து கட்டி எருமை வளர்ப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் வீடு. அழகான இடத்தைக் கண்டதும் இது சுவிட்சர்லாந்து போல இருக்கிறது என்று வாயில் வருகிறதே, அதை விழுங்கிவிட்டு இந்த இடத்துக்கு இங்கே இருப்பவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது, இருநூறு ஆண்டு தாமதமானாலும், நாம் செய்யக்கூடிய மரியாதை.