பேக்-மேன் முதல் வெண்பா வரை: வீடியோ கேம் வரலாற்றை மாற்றிய பாத்திரங்களும் இந்தியாவின் இடமும்

கொச்சி: வீடியோ கேம் வரலாற்றில் மிக முக்கியமான பாத்திரங்கள் எவை என்று கேட்டால், பேக்-மேன், மரியோ, லாரா கிராஃப்ட் ஆகிய பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். இவை ஜப்பானிலும் பிரிட்டனிலும் பிறந்தவை. அதே வரலாற்றில் இந்தியர்கள், குறிப்பாகத் தென்னிந்தியர்கள், எவ்வாறு இடம்பெற்றனர் என்பது அதிகம் பேசப்படாத பகுதி. இரண்டையும் சேர்த்து இத்தொகுப்பு விளக்குகிறது.

முக்கியத்துவத்தை அளப்பது எப்படி?

விற்பனையும் புகழும் மட்டும் போதுமான அளவுகோல்கள் அல்ல. திரைப்படத்தில் நாயகரைப் பார்க்கிறோம். வீடியோ கேமில் நாமே அப்பாத்திரமாக நடக்கிறோம், தாவுகிறோம், தோற்கிறோம். எனவே, இரண்டு கேள்விகள் அவசியமாகின்றன. அப்பாத்திரம் விளையாடும் முறையை மாற்றியதா? விளையாடுபவரை அதுவரை அவர் நின்றிராத ஓர் இடத்தில் நிறுத்தியதா?

அடித்தளமிட்ட மூவர்

பேக்-மேன் (1980): ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி உருவாக்கியது. விண்கலங்களைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகள் ஆதிக்கம் செலுத்திய காலத்தில், பெண்களும் விரும்பி விளையாட வேண்டும் என்ற எண்ணத்துடன் இது வடிவமைக்கப்பட்டது. துரத்தும் நான்கு பேய்களும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். ஒரு விளையாட்டின் அடையாளமே அதன் பாத்திரம்தான் என்ற நிலையை இந்த மஞ்சள் வட்டம் ஏற்படுத்தியது.

மரியோ (1981): நின்டெண்டோவின் 'டாங்கி காங்' விளையாட்டில் 'ஜம்ப்மேன்' என்ற பெயரில் அறிமுகமானது. அன்றைய திரையில் மிகக் குறைந்த புள்ளிகளைக் கொண்டே உருவம் வரைய முடிந்ததால், முடியை வரைவதைத் தவிர்க்கத் தொப்பியையும், மூக்கை எடுத்துக்காட்ட மீசையையும் ஷிகெரு மியாமோட்டோ தந்தார். 1985-இல் வெளியான 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்', ஓடித் தாவிச் செல்லும் விளையாட்டு வகைக்கே இலக்கணமானது. 1990-களில் இந்திய வீடுகளின் தொலைக்காட்சிகளில் இணைக்கப்பட்ட மலிவு விலை நகல் கருவிகள் வழியாகவே பலருக்கும் மரியோ அறிமுகமானது.

லாரா கிராஃப்ட் (1996): இங்கிலாந்தின் டெர்பி நகரில் இயங்கிய கோர் டிசைன் நிறுவனத்தின் 'டூம் ரெய்டர்' நாயகி. முப்பரிமாண சாகச விளையாட்டின் மையத்தில் ஒரு பெண் நின்றது பெரும் மாற்றம். அதே வேளையில், ஆண்களின் பார்வைக்காகவே அவரது உடல் மிகைப்படுத்தி வரையப்பட்டது என்ற விமர்சனமும் எழுந்தது. 2013-இல் வெளியான புதிய பதிப்பு அத்தோற்றத்தை மாற்றியது.

வெளியிலிருந்து வரையப்பட்ட இந்தியர்

உலக அளவில் அதிகம் அறியப்பட்ட இந்தியப் பாத்திரங்களுள் ஒன்று, கேப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' (1991) விளையாட்டில் வந்த தால்சிம். நீளும் கைகால்கள், வாயிலிருந்து நெருப்பு, கழுத்தில் மண்டையோட்டு மாலை, பின்னணியில் யானைகள் என இந்தியாவைப் பற்றிய வெளிநாட்டுக் கற்பனைகளின் தொகுப்பாக அவர் இருந்தார். ஆனால், தொலைவில் நின்றே எதிராளியைத் தடுக்கும் அவரது சண்டை முறை, அவ்வகை விளையாட்டுகளில் நிலையான ஓர் உத்தியாக வளர்ந்தது. விளையாட்டு முறையில் முன்னோடி. உருவகத்தில் பழைய அச்சு.

கால் நூற்றாண்டுக்குப் பின் படம் மாறியது. 'ஓவர்வாட்ச்' (2016) விளையாட்டின் சிமெட்ரா, ஹைதராபாதைச் சேர்ந்த சத்யா வாஸ்வானி என்ற கட்டடக் கலைஞர். அவர் ஆட்டிசம் உடையவர் என்பதை விளையாட்டின் இயக்குநர் பின்னர் உறுதிப்படுத்தினார். 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' (2017) விளையாட்டில், இந்தியத் தந்தைக்குப் பிறந்த குளோயி ஃபிரேசர், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சாளர் காலப் புதையலைத் தேடிச் செல்கிறார்.

கொச்சியின் கடலும் சோழரின் கடலும்

வரலாற்று மனிதர்களும் வீடியோ கேம் பாத்திரங்களாகியுள்ளனர். இந்தியாவில் போர்ச்சுகலின் முதல் அரசப் பிரதிநிதியான பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா, 1505 முதல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியவர். மட்டாஞ்சேரியில் இன்று 'டச்சு அரண்மனை' எனப்படும் கட்டடமும் போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு வழங்கியதே. 1663-இல் டச்சுக்காரர்கள் புதுப்பித்ததால் அப்பெயர் நிலைத்தது.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டுக்காக 2015-இல் வெளியான விரிவாக்கத்தில் அல்மெய்டாவின் படையெடுப்புகள் தனித் தொடராக இடம்பெற்றன. அதில் விளையாடுபவர், போர்ச்சுகீசியர் தரப்பில் நின்றே இந்தியப் பெருங்கடலைப் பார்க்கிறார். அதுவரை அந்த விளையாட்டில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் 'இந்தியர்கள்' என்ற ஒரே நாகரிகமாகவே அடக்கப்பட்டிருந்தது.

2022 ஏப்ரலில் வெளியான மற்றொரு விரிவாக்கம் அதை மாற்றியது. திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் ஆகியோர் தனித்தனி நாகரிகங்களாயினர். களரிப்பயிற்றில் 'உறுமி' என்றும் தமிழில் 'சுருள்வாள்' என்றும் அறியப்படும் வாளை ஏந்திய வீரர்கள் திராவிடர்களின் சிறப்புப் படையாயினர். 1014 முதல் 1044 வரை ஆண்ட இராஜேந்திர சோழரின் வரலாறும் விளையாடத்தக்க தொடரானது. ஒரே கடலை இப்போது இரு தரப்பிலிருந்தும் பார்க்கலாம்.

உள்ளிருந்து எழுந்த குரல்கள்

புனேயைச் சேர்ந்த நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம், 2020-இல் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' விளையாட்டை வெளியிட்டது. அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிப் புறப்படும் சிறுமியே நாயகி. துர்க்கையும் விஷ்ணுவும் கதையைச் சொல்லிச் செல்கின்றனர். 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி இலக்கை எட்டாத நிலையிலும் இப்பணி நிறைவேறியது. 2020 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரையையும் பெற்றது.

2023 ஜூலையில் வெளியான 'வெண்பா' இன்னும் ஒரு படி சென்றது. கனடாவின் டொரோன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் உருவாக்கிய இதன் நாயகி, 1980-களில் கணவர் பாவலனுடன் கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய். அவரிடம் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. தாயார் தந்த, எழுத்தழிந்த சமையல் குறிப்பேடு மட்டுமே உண்டு. இட்லி, புட்டு, பிரியாணி ஆகியவற்றைச் சரியான முறையில் சமைப்பதே விளையாட்டின் சவால். மகன் கவின் தாய்மொழியிலிருந்து மெல்ல விலகுவதே அதன் துயரம்.

2024-இல் 'வெண்பா', பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும் வென்றது.

ஒரே பார்வையில்

1980 – பேக்-மேன்: விளையாட்டுக்கு ஒரு முகம்
1981 – மரியோ: தாவிச் செல்லும் உடல்
1991 – தால்சிம்: பிறர் கற்பனையில் இந்தியா
1996 – லாரா கிராஃப்ட்: முப்பரிமாண உலகின் நாயகி
2020 – ராஜி: இந்தியாவில் உருவான இந்திய நாயகி
2023 – வெண்பா: தமிழ்க் குடும்பமே கதைக்களம்

விற்பனையிலோ தாக்கத்திலோ வெண்பாவை மரியோவுடன் ஒப்பிட இயலாது. ஆனால், முன்பு குறிப்பிட்ட இரண்டாவது கேள்விக்கு அது தெளிவான விடை தருகிறது. தமிழ் அறியாத ஒருவர், விளையாடி முடிக்கும் வரை ஒரு தமிழ்த் தாயின் சமையலறையில், அவர் இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.